திண்ணை இல்லாத வீட்டின் கதை

பட்டறை என்றால் நம் ஊர்ப் பக்கத்தில் கொல்லுப் பட்டறை, தச்சுப் பட்டறை, நகைப் பட்டறை என்றே பொருள். துருத்தி ஊதவும் சம்மட்டி விழவும் வேலை நடக்கும் இடம் அது. இப்போது கதை எழுத விரும்புவோர் கூடியிருந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுக் குறை நிறை சொல்லும் கூட்டத்திற்கும் அச்சொல்லே வழங்கி வருகிறது. பெயரிட்டவர் யாரோ அறியோம். பொருத்தம் அறிந்தே இட்டிருக்கிறார். அண்மையில் மும்பையில் ஒரு சனி, ஞாயிறு இரு நாட்களும் நடந்த சிறுகதைப் பட்டறை ஒன்றில் நாமும் இடம் பெற்றோம். அங்கே கண்டதையும், அதையொட்டி எண்ணியதையும் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறை. நல்ல மழைக்காலம். வண்டிகள் தாமதமாக ஓடியதால் பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் பதினொன்றுக்குத்தான் கூடியது. செம்பூர், முலுண்டு, தாராவி, டோம்பிவிலி எனப் பல திக்கிலிருந்தும் 22 பேர் வந்திருந்தனர். வங்கியில் ஓய்வு பெற்றவர் இருவர், மருத்துவமனைச் செவிலி ஒருவர், இல்லத்தரசிகள் அறுவர், மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், மற்றையோர் இளைஞர்கள். ஒவ்வொருவரும் ஒரு கதையை எழுதி முன்னதாகவே அனுப்பியிருந்தோம். பட்டறையை நடத்தித் தர வந்த எழுத்தாளர் தொடக்கத்திலேயே இரண்டு விதிகளைச் சொன்னார். எழுதியவர் தம் கதையைத் தாமே படிக்கலாகாது. பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும். கதையைப் பற்றிப் பிறர் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாய் திறக்கலாகாது.

முதல் விதி எளிதாகத் தோன்றியது. அதன் கடுமை, நம் கதையைச் செவிலி அம்மையார் படிக்கத் தொடங்கியபோதுதான் புலனாயிற்று. நாம் மனத்துக்குள் ஒரு தாளகதியில் எழுதியிருந்த வாக்கியம் அவர் வாயில் வேறு தாளத்தில் வந்து விழுந்தது. நாம் நிறுத்தாத இடத்தில் அவர் நிறுத்தினார். உருக்கமானது என்று நாம் நம்பியிருந்த பகுதியை, மருந்துச் சீட்டைப் படிப்பது போலப் படித்துக் கடந்து சென்றார். இதை எழுதியது நாம்தானா? இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? கால் மணி நேரத்துக்குள் இத்தகைய கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுற்றிலும் நோக்கினோம். தம் முறைக்காகக் காத்திருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அதே கேள்விதான். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் அவர்கள் தருமியாகக் கோயில் மண்டபத்தில் நின்று தனியே புலம்புவாரே, அந்த முகம்!

தருமியின் கதையை இங்கே சற்று எண்ணிப் பார்க்கலாம். சங்கப் புலவர் அவையில் பாட்டைக் கொண்டுபோய் நீட்டியவன், அதன் பொருளில் குற்றம் உண்டு என்று நக்கீரர் சொன்னதும் விடை கூற மாட்டாமல் திகைத்து நின்றான். பாட்டு அவனுடையதன்று என்பதுதான் அதற்குக் காரணம். மாறாகத் தம் பாட்டைத் தாமே பாடிய கம்பரோ, பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று தம்மைச் சொல்லிக்கொண்டுதான் இராம காதையைத் தொடங்குகிறார். அவையடக்கம் என்பது புலவர் மரபில் ஒரு சடங்கு என்று சொல்வோர் உண்டு. சடங்காகவே இருக்கட்டும். அப்படி ஒரு சடங்கை ஏற்படுத்தி வைத்த முன்னோர், எழுதத் தொடங்குகிறவனின் நெஞ்சில் எது நிகழும் என்பதை அறிந்தே ஏற்படுத்தியிருக்கின்றனர் என்பது நம் எண்ணம்.

நிற்க. எழுத்துப் பட்டறை என்னும் முறை இன்றைய வடிவில் அமெரிக்காவிலிருந்து பரவியது. அந்நாட்டின் நடுப்பகுதியில், சோள வயல்கள் சூழ்ந்த அயோவா மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் 1936இல் இது ஒரு பாடமாகத் தொடங்கப் பெற்றது. வில்பர் ஷ்ராம் என்பவர் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1941 முதல் 1965 வரை பால் எங்கிள் என்னும் கவிஞர் நடத்தினார். மாணவர் எழுதியதைப் படியெடுத்து எல்லோருக்கும் வழங்குவர். வகுப்பு அதைப் பிரித்து ஆராயும். எழுதியவர் அமைதியாக இருந்து கேட்பார். மாதுங்காவில் நாம் கண்டதும் ஏறத்தாழ அதே முறைதான்.

1945இல் எங்கிளின் அறைக்குள் இருபது வயதுப் பெண் ஒருவர் வந்து ஏதோ சொன்னார். தெற்கே ஜார்ஜியா மாநிலத்துப் பேச்சு. எங்கிளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எழுதிக் காட்டுமாறு ஒரு தாளை நீட்டினார். தம் பெயரையும், தாம் பத்திரிகைத் தொழிலுக்கு உரியவர் அல்லர் என்பதையும், எழுத்துப் பட்டறையில் சேரலாமா என்பதையும் அப்பெண் எழுதிக் கொடுத்தார். அவரே ஃபிளானரி ஓ'கானர். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுகதையைப் பற்றிப் பேசுவோர் அவரை விட்டுவிட்டுப் பேச இயலாது. அயோவாவில் பயின்ற நாட்களில், 1946 ஜனவரி முதல் 1947 செப்டம்பர் வரை, ஒரு குறிப்பேட்டில் இறைவனை முன்னிலைப்படுத்தி அவர் எழுதி வந்தார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு ஒன்று குறைவாக, 2013இல் அது நூலாயிற்று. நல்ல எழுத்தாளராக வேண்டும் என்ற வேண்டுதலும், தாம் நடுத்தரமானவராகவே நின்றுவிடுவோமோ என்ற அச்சமும் அதில் மாறி மாறி வருகின்றன. சொந்த நாட்டிலேயே பேச்சு விளங்காத அயலாராக வந்தவர் அவர். நம்மவர்க்கு அது புதிய செய்தி அன்று.

நம் போன்று பிழைப்பு நாடி வேற்றிடம் சென்ற குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது சாண்ட்ரா சிஸ்னெரோஸ் என்பவரின் கதை. தந்தை மெக்சிகோ நாட்டவர். சாண்ட்ரா 1954இல் சிகாகோ நகரில் பிறந்தார். ஆறு ஆண் பிள்ளைகளுக்கு இடையே ஒரே பெண். சிகாகோவுக்கும் மெக்சிகோ நகருக்கும் இடையே குடும்பம் போய்வந்துகொண்டே இருந்ததால் நிலையான வீடு என்று ஒன்று நெடுநாள் அமையவில்லை. அயோவாப் பட்டறையில் சேர்ந்து 1978இல் பட்டம் பெற்றார். அங்கே ஒரு வகுப்பில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பாஷ்லார் எழுதிய நூலை வைத்து விவாதம் நடந்தது. வீடு, அதன் பரண், நிலவறை, மூலை முடுக்கு ஆகியவை மனிதனின் கற்பனையில் எவ்வாறு குடியிருக்கின்றன என்பதைப் பேசும் நூல் அது. உடன் பயின்றோர் எல்லாரும் தத்தம் வீட்டுப் பரணைப் பற்றியும் படிக்கட்டைப் பற்றியும் உற்சாகமாகப் பேசினர். சாண்ட்ராவுக்குப் பேச ஒன்றுமில்லை. அவர் வளர்ந்தவை நகரத்து நெருக்கடியில் அமைந்த வாடகைக் குடியிருப்புகள். அங்கே பரண் ஏது? நினைவில் போற்றத்தக்க நிலவறை ஏது? இவ்வகுப்புக்கு உரியவள் அல்லள் நான் என்ற எண்ணம் அவரை வாட்டியது. படிப்பை விட்டுவிடலாமா என்று கூடக் கருதினார்.

விட்டுவிடவில்லை. இவர்களில் ஒருவரும் எழுத இயலாதது எது என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அதற்குக் கிடைத்த விடையிலிருந்து பிறந்தது 'மாங்கோ தெரு வீடு' என்னும் புனைகதை. 44 சிறு சிறு பகுதிகளாக அமைந்த அந்நூல் 1984இல் ஹூஸ்டன் நகரிலிருந்த ஒரு சிறிய பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. பின்னர் இலட்சக் கணக்கில் விற்று, பள்ளிகளில் பாடமாயிற்று. அதே காலத்தில் உடன் பயின்று அவரைப் போன்றே ஒதுங்கி நின்ற இன்னொருவர் ஜாய் ஹார்ஜோ. அமெரிக்கத் தொல்குடியில் பிறந்த கவிஞர். 2019 முதல் 2022 வரை அந்நாட்டின் அரசவைக் கவிஞராக விளங்கியவர் அவர். அன்று பேச வாயற்று அமர்ந்திருந்த இருவருமே பின்னாளில் அவ்வாறு ஆயினர் என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது. பேசிக்கொண்டே இருந்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை!

இக்கதையை நாம் முன்பே படித்ததுண்டு. ஆனால் அதன் பொருள் நம் கண்ணெதிரே மாதுங்கா மாடி அறையில் நிகழும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் பிற்பகலில் தாராவியிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணின் கதை படிக்கப்பட்டது. வணிகவியல் பட்டம் பெற்று ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறாள். தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். இவள் மூன்றாம் தலைமுறை. கதை நல்ல தமிழில் இருந்தது. ஒற்றுப் பிழை கூட இல்லை. ஒரு சிற்றூர். பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து நகரத்துக்குப் போன மகனின் வரவை எதிர்பார்க்கிறார். வேப்பமரம், கிணற்றடி, முற்றத்தில் காயும் நெல் எல்லாம் முறையாக வந்தன. படித்து முடித்ததும் இரண்டொருவர் பாராட்டினர். பட்டறை நடத்தியவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் திண்ணை எவ்வளவு உயரம் அம்மா? அவர் உட்கார்ந்தால் கால் தரையில் படுமா, தொங்குமா?"

அவள் விடை சொல்லாமல் நின்றாள். பிறகு, "நான் திண்ணையைப் பார்த்ததில்லை சார். படிச்ச கதையிலெல்லாம் வருது. அதனாலதான் வச்சேன்" என்றாள். அறையில் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. "எங்க வீடு பத்துக்குப் பதினஞ்சு. அதுல கதை எங்கே சார் நடக்கும்?" என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டு அமர்ந்தாள்.

தமிழகத்தில் இருந்து எழுதுவோர்க்கு ஓர் ஐயம்தான்: என் கதை நன்றாக இருக்கிறதா? வெளியிடங்களில் வாழும் நமக்கோ அதற்கு முன்னால் வேறோர் ஐயம் வந்து வழி மறிக்கிறது: என் தமிழ் தமிழ்தானா? என் வாழ்க்கை தமிழில் எழுதத் தக்கதுதானா? இந்த ஐயத்தால் பேனாவை மூடி வைத்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர். ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் கண்ட இருபது நாள் வாழ்க்கையை எழுதுகிறார்கள். ஆண்டின் மற்ற நாட்களை எழுதாமல் விடுகிறார்கள்.

ஆனால் எழுதியவர்களும் உண்டு. அசோகமித்திரன் அவர்கள் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்து, இருபத்தோரு வயது வரை அங்கேயே வளர்ந்தவர். தந்தை மறைந்த பின் 1952இல்தான் குடும்பம் சென்னைக்கு வந்தது. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் காதில் விழும் ரயில்வே குடியிருப்பு வாழ்க்கையை அவர் மறைக்கவில்லை. அதைக் கொண்டே '18வது அட்சக்கோடு' என்னும் நாவலை 1977இல் தந்தார். நிஜாம் ஆட்சியின் இறுதி நாட்களைத் தமிழில் நாம் அறிய அதுவே நமக்குக் கிடைத்த சாளரம். அவரும் அயோவா சென்றவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. பால் எங்கிளும் ஹுவாலிங் நியே என்னும் சீனப் பெண் எழுத்தாளரும் 1967இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தின் அழைப்பில் 1973இல் அங்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். அவ்வனுபவத்தை 'ஒற்றன்' என்னும் நூலாக்கினார். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த எழுத்தாளர்களின் தனிமையும் விசித்திரமும் பெருமையும் சிறுமையும் அதில் வருகின்றன. ஆசிரியர் தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ளும் இடம் ஒன்று கூட இல்லை. எழுத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் முன்னதாக அந்நூலைப் படித்துவிட்டுப் போனால் படபடப்பு பாதி குறையும் என்பது நம் துணிபு.

நம் மும்பைக்கே உரியவர் நாஞ்சில் நாடன் அவர்கள். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் வேலை தேடி இந்நகருக்கு வந்தவர். இங்கிருந்துகொண்டே நாஞ்சில் நாட்டு வாழ்க்கையை எழுதினார். 1977இல் 'தலைகீழ் விகிதங்கள்' வந்தது. பின்னர் இந்நகர வாழ்க்கையையும் விடாமல் 'மிதவை'யாகத் தந்தார். 2010இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். தொலைவு அவருக்குத் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. ஊரை விட்டு வந்ததுதான் அவரை எழுத வைத்ததோ என்னவோ.

பட்டறைக்கு மீள்வோம். அன்று மாலை கலையும்போது எல்லோருக்கும் ஒரு வீட்டுப் பாடம் தரப்பட்டது. விடியற்காலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை தத்தம் வீட்டில் என்னென்ன ஓசை கேட்கிறது என்று எழுதி வர வேண்டும். 'இனிமையான', 'சோகமான' போன்ற அடைமொழி ஒன்றும் கூடாது. ஓசை மட்டும். வங்கி அன்பர் ஒருவர், "நான் ஆறு மணிக்குத்தான் எழுவேன்" என்று முறையிட்டார். ஒரு நாள் எழுந்து பாருங்கள் என்று விடை வந்தது.

மறுநாள் காலை அப்பெண் கொண்டு வந்தது ஒன்றரைப் பக்கம். அதை அதுவரை வாய் திறவாமல் இருந்த ஓர் இல்லத்தரசி படித்தார். குழாயில் தண்ணீர் வருமுன் காற்று சீறும் ஓசை. வரிசையில் நிற்கும் குடங்கள் உரசும் ஓசை. கிரைண்டர் கல் சுற்றும் ஓசை. ஆவி ஏறிய இட்லிக் கொப்பரையின் மூடி ஆடும் ஓசை. தாத்தாவின் ரப்பர்க் குழல் 'பொம்' என்று ஒரு முறை எழுப்பும் ஓசை. வியாபாரத்துக்குப் புறப்படுமுன் அது சரியாக இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வாராம். தலையில் இட்லிப் பாத்திரத்தையும் கையில் குழலையும் ஏந்தித் தாராவியிலிருந்து புறப்படும் இட்லிக்காரர்களை மும்பைவாசிகள் எல்லோரும் அறிவோம். அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து அவர்களைக் கேட்டது நமக்கு அதுவே முதல் தடவை.

ஓசைகளின் கீழே ஐந்தாறு வரியில் வேறொன்றும் எழுதியிருந்தாள். 1993 ஜனவரி. கலவரத்தால் ஊரடங்கு. மாலையில் ஆட்டி வைத்த மாவு மூன்று பானை. காலையில் வெளியே தலைகாட்ட முடியாது. மாவு பொங்கி வழிகிறது. கொட்டப் பாட்டிக்கு மனம் வரவில்லை. அவித்துச் சந்து முழுவதற்கும் கொடுத்தார்கள். தாத்தா, பழக்க தோஷத்தால், யார் யார் எத்தனை இட்லி வாங்கினார்கள் என்று கணக்கு நோட்டில் எழுதி வைத்தார். பணம் கேட்கவே இல்லை. நோட்டு இன்னும் இருக்கிறது. "இது நடந்தது, இது கதை ஆகுமா என்று தெரியவில்லை" என்று அந்தத் தாளின் அடியிலேயே எழுதியிருந்தாள்.

படித்து முடிந்த பின் அறையில் மழையோசை மட்டும் கேட்டது. முதலில் பேசியவர் தமிழாசிரியர்.

"எல்லாம் சரி. ஆனால் 'மோரி' என்று நான்கு இடத்தில் வருகிறது. 'கோலி' என்று இரண்டு இடத்தில். இவை தமிழா? குளியலறை என்று எழுதினால் என்ன?"

விதிப்படி அவள் பேசக் கூடாது. ஆனாலும் எழுந்துவிட்டாள். "அது குளியலறை இல்லை சார். அறையோட மூலையில ஒரு முழம் உயரத்துக்குக் கட்டை கட்டியிருக்கும். அங்கதான் குளிப்போம். அங்கதான் பாத்திரம் கழுவுவோம். மாவு கழுவின தண்ணியும் அங்கதான் போகும். அதைக் குளியலறைன்னு எழுதினா தாத்தா வீட்ல ரெண்டு அறை இருக்கிற மாதிரி ஆயிடும்."

வாதம் சூடேறியது. தமிழில் இந்தியையும் மராத்தியையும் அள்ளிப் போட்டால் பத்தாண்டில் மொழி என்னாகும் என்றார் ஒருவர். வாழ்க்கையில் கலந்துவிட்டதை ஏட்டில் பிரிப்பது பொய் என்றார் ஒருவர். முப்பத்தைந்து ஆண்டு இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் அச்சம் நமக்கு விளங்கியது. தம் பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு வகுப்புகள் சுருங்கியதைக் கண்டவர் அவர். சொல் ஒன்று போனால் அவருக்கு ஒரு மாணவன் போனது போல. அவளுக்கோ சொல் மாறினால் வீடே மாறிவிடுகிறது. இருவரும் சொல்வது உண்மை என்றே பட்டது. இத்தகைய வழக்கில் உடனே தீர்ப்புச் சொல்லும் கூட்டத்தினரை நாம் நம்புவதில்லை.

சற்று நேரம் எண்ணியிருந்த ஆசிரியர், "உன் பாட்டி ஊரில் இதை அங்கணம் என்பார்களே அம்மா, கேட்டதுண்டா?" என்றார். திருக்குறளிலேயே இடம் பெற்ற சொல் அது. தென்பாண்டிப் பக்கத்தில் பாத்திரம் துலக்கும் இடத்துக்கு இன்றும் வழங்குவது. அவள் கேட்டதில்லை. பாட்டியிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினாள். அத்துடன் உணவு இடைவேளை வந்தது.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. முலுண்டிலிருந்து வந்த கல்லூரி மாணவன் ஒருவன் தன் கதையைத் தேவநாகரி எழுத்தில் எழுதி வந்திருந்தான். மொழி தமிழ், எழுத்து மராத்திக்கு உரியது. பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லை. வீட்டில் பேசக் கற்றது மட்டும்தான். பக்கத்தில் இருந்தவர் அதைப் படிக்க முடியாமல் விழித்தார். பின்வரிசையில் இருந்த எழுபது வயது அம்மையார், மராத்திச் செய்தித்தாள் படித்துப் பழகியவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று படித்தார். அவர் தாளைப் பார்த்துப் படிக்க, அவன் வீட்டுத் தமிழ் நம் காதில் வந்து விழுந்தது. தமிழில் ஒரே எழுத்தால் குறிக்கும் ஒலிகளுக்கு அதில் வெவ்வேறு எழுத்து உண்டல்லவா? 'அக்கா' என்பதிலும் 'அங்கே' என்பதிலும் வரும் ககரங்களை வேறு வேறாக எழுதியிருந்தான். ழகரம் மட்டும் எங்கும் ளகரமாகிவிட்டிருந்தது. தமிழாசிரியர் அவனைக் கடிந்துகொள்வார் என்று அஞ்சினோம். அவரோ எழுந்து போய்த் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்து 247 என்று பயப்படாதே. உருவம் முப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை அதிலிருந்தே வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா" என்றார்.

பட்டறைகளால் எழுத்தாளர் உருவாவாரா என்பது பழைய வினா. ரேமண்ட் கார்வர் 1963இல் அயோவாவில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறியவர். கதை எழுதுவதில் அவருக்கு ஒரு குறையும் நேரவில்லை. எல்லோருடைய கதையையும் ஒரே இழைப்புளியால் இழைத்து ஒரே வழவழப்பாக்கிவிடும் அபாயமும் பட்டறைகளுக்கு உண்டு. மாதுங்காவிலும், கதை முதல் வரியிலேயே தொடங்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் விட வேண்டும் என்ற இரண்டு விதிகளைப் பலர் மந்திரம் போல் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு நமக்குச் சலிப்பு ஏற்பட்டது. ஆனால் நன்னூலார் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய பாதி, பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. இக்கணக்கில் பட்டறை நடத்தியவருக்கு உரியது கால் பங்கே. மற்றது அந்த இல்லத்தரசிக்கும், செவிலிக்கும், மராத்தி படிக்கத் தெரிந்த அம்மையாருக்கும் உரியது.

பெண்கள் இருவர் இரண்டாம் நாள் பிற்பகலில் சமையல் வேலை இருப்பதாகப் பாதியில் புறப்பட்டுவிட்டனர். அவர்களில் ஒருவரின் கதை கடைசி வரை படிக்கப்படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டில் எல்லோரும் இருக்கும் வேளை. அப்போது அவர்கள் வெளியே இருப்பது எளிதன்று. இனி இவ்வகைக் கூட்டம் நடத்துவோர் வேலை நாளின் முற்பகலை எண்ணிப் பார்ப்பது நலம். அப்போது ஆண்கள் வர இயலாது என்பர். ஓரிரு முறை வராமல் இருக்கட்டுமே!

மூன்று வாரம் கழித்து அப்பெண்ணின் கதை நம் சங்கத்துக்கு அஞ்சலில் வந்தது. கையெழுத்தில் ஒன்பது பக்கம். திண்ணை இல்லை, வேப்பமரம் இல்லை. ஊரடங்கு நாள், மூன்று பானை மாவு, கணக்கு நோட்டு மூன்றும் இருந்தன. பாட்டி பேசும் இடங்களில் எல்லாம் 'அங்கணம்' என்று இருந்தது. அம்மாவும் பேத்தியும் பேசும் இடங்களில் 'மோரி' என்று இருந்தது. ஒரே வீட்டில், ஒரே மூலைக்கு, தலைமுறைக்கு ஒரு பெயர். ஓரத்தில் ஆசிரியரின் பென்சில் குறிப்புகளும் இருந்தன. அவரிடம் காட்டிவிட்டே அனுப்பியிருக்கிறாள். 'மோரி'யின் மேல் அவர் ஒரு கோடும் போடவில்லை. 'கோலி' என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டு, பக்கத்தில் 'குச்சில்?' என்று எழுதி ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். அதன் கீழே, வேறு கையெழுத்தில், 'பாட்டி இதையும் கோலின்னுதான் சொல்றாங்க சார்' என்று இருந்தது.